மேற்குச் சுவரில் ஜன்னல்

ஆறு பேர் சேர்ந்து ஒரு நிலத்தை வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த நிலத்தில் வீடு எழுந்து நின்றுவிட்டது. கொத்தனார் வரவில்லை, செங்கல் லாரி வரவில்லை, யாரும் கயிறு பிடித்து அளக்கவில்லை. ஆறு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், தரையில் துண்டு விரித்து உட்கார்ந்து, பேசிவிட்டு வந்தார்கள். அவ்வளவுதான். ஆறு பேரும் ஒத்துக்கொண்டது எதுவோ அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்தது. ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அது இல்லை. நிலத்தை வாங்குவது என்ற ஒன்றைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

அவர்கள் நகரத்தில் ஒரே கட்டடத்தில், ஒரே தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே குடியிருந்தவர்கள். கீழ்வீட்டில் ஜெராக்ஸ் அம்மா. தெருப்பக்கத்து அறை அவருடைய கடை, பின்னறையில் ஒரு பெரிய மேஜை. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எந்தப் பேச்சையும் நடுவழியில் நிறுத்திவிடுவார் என்பதால் அவருக்கு பிரேக் என்று பெயர், அவரும் அதை மறுத்ததில்லை. நடுமாடியில் கண்ணாடிக் கடைக்காரரும் அவர் மனைவியும். மேல்மாடியில் ஒரு வீட்டில் பூகோள வாத்தியார், இன்னொரு வீட்டில் கண்ணாடிக் கடைக்காரரின் மைத்துனி. அக்கா தங்கை இருவரையும் எல்லோரும் பெரியவள், சின்னவள் என்றே சொன்னார்கள். சின்னவளுக்கு மருந்துக் கடையில் வேலை. பெரியவள் பஞ்சாலையில் இருந்தவள். பஞ்சைச் சிக்கெடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் பல வருஷம் நின்றதில் அவள் நெஞ்சுக்குள்ளும் பஞ்சு படிந்துவிட்டது. வேலையை விட்ட பிறகும் இருமினால் வெள்ளையாக வந்தது, முதலில் தூசியாக, பிறகு விளக்குத் திரி அளவுக்கு. அதை அவள் கணவர் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்துக் கடையில் கண்ணாடி துடைத்தார். அதைப்போலக் கோடு விழாமல் துடைக்கும் பஞ்சு வேறு எங்கும் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். வாடிக்கையாளர்கள் எங்கே வாங்கியது என்று கேட்டிருக்கிறார்கள்.

எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் என்பது அந்தக் கட்டடத்தின் வழக்கம். அதற்கு முன்னால் ஒரு தரம், தண்ணீர் மோட்டாரை எப்போது போடுவது என்று கை தூக்கிப் பார்த்தார்கள். தோற்ற இரண்டு வீடும் ஜெயித்த வீடுகளோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. மாடிப்படி பல்பு ஃப்யூஸ் போனால்கூட யார் வீட்டுப் பல்பு என்று தெரியாமல் ஒரு மழைக்காலம் முழுக்க இருட்டில் ஏறி இறங்கினார்கள். பிரேக் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டது அப்போதுதான். அதற்குப் பிறகு வாத்தியார் ஒரு வழி சொன்னார். ஜெராக்ஸ் அம்மாவின் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவது, சம்மதம் என்றால் அவரவர் வீட்டுச் சாவியை மேஜைமேல் வைப்பது. எல்லாச் சாவியும் மேஜைமேல் இருந்தால் காரியம் நடக்கும். ஒரு சாவி கையில் இருந்தாலும் நடக்காது, ஏன் என்று யாரும் கோபித்துக்கொள்ளவும் கூடாது. புருஷன் மனைவியாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு சாவி. கட்டடம் அமைதியாயிற்று. காரியங்கள் மெதுவாக நடந்தன.

நிலத்தை முதலில் பார்த்தவர் பிரேக். அவர் பஸ் ஓட்டிய பழைய தடத்தில், கடைசி நிறுத்தத்துக்கும் அப்பால் இருந்தது. வயதான காலத்தில் சேர்ந்து இருக்கலாம், ஒரே சமையலறை போதும், ஒருவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர் இருப்பார் என்று எல்லோருக்குள்ளும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணம்தான். போய்ப் பார்த்தார்கள். மேட்டு நிலம், ஓரத்தில் நாலைந்து மரம், எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகும் காற்று. பெரியவள் மரத்தடியில் உட்கார்ந்தாள். மதியம் போனது, சாயங்காலம் ஆனது, அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. முதலில் அதைக் கவனித்தவள் சின்னவள். ஆனால் வாயைத் திறக்கவில்லை, சொன்னால் கண் பட்டுவிடும் என்பதைப் போல. திரும்பும்போது நகரத்தின் முதல் சிக்னலில் இருமல் ஆரம்பித்தது. அன்றைக்கே அந்த நிலம் யாருக்கு வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. மற்ற ஐந்து பேருக்கும் அது ஒரு ஆசை, பெரியவளுக்கு அது மூச்சு.

அப்போது அவர்கள் ஒரு தவறு செய்தார்கள், அவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வாங்குவது பெரிய விஷயம், எடுத்த எடுப்பில் பேசினால் மனஸ்தாபம் வரும், முதலில் சுலபமானதைப் பேசி முடிப்போம், வாங்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம் என்றார் வாத்தியார். நியாயமாகப் பட்டது. அங்கேயே துண்டின்மேல் சாவிகளை வைத்தார்கள். ஒரு கைப்பம்பு வேண்டும் என்றார்கள், அடுத்த வாரம் பம்பு இருந்தது, அடித்தால் தண்ணீர் வந்தது. சமையலறையில் இரண்டு அடுப்பு என்றார்கள், இரண்டு அடுப்போடு சமையலறை இருந்தது. கழிப்பறைக் கதவு உள்ளே திறப்பதா வெளியே திறப்பதா என்று ஒரு கோடைகாலம் பேசினார்கள். மாடி வேண்டும் என்று ஐந்து சாவி விழுந்தது, பிரேக் தன் முட்டியைத் தடவிக்கொண்டு சாவியைப் பைக்குள் போட்டார், அதனால் மாடி இல்லை. புத்தக அலமாரிக்கு ஜெராக்ஸ் அம்மா அரை மனசாகத்தான் சாவி வைத்தார். அலமாரி வந்தது, ஒரு கால் மட்டும் குட்டை. பிரேக் பஸ் திரும்ப இடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நம்மிடம் சைக்கிள்கூட இல்லையே என்றார் வாத்தியார். பிரேக்கின் வாயை அடைக்க எல்லோரும் சாவி வைத்தார்கள், அடுத்த வாரம் வாசலுக்கு எதிரே கெட்டித்த வட்டமாக ஒரு திடல் கிடந்தது. கொஞ்ச நாளில் பஸ்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, கடைசி நிறுத்தத்தை அங்கேயே கொண்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பிரேக் அந்த வட்டத்தின் நடுவில் நின்று பஸ் திரும்புவதைப் பார்க்கும்போது அவரிடம் யாரும் பேச முடியாது.

நிலத்துக்காரர் ஆடு வளர்ப்பவர், மரியாதையான மனிதர். வீடு வளர்வதைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. வார நாட்களில் மழை வந்தால் ஆடுகளை அதற்குள் கட்டினார், ஞாயிற்றுக்கிழமைக்குள் பெருக்கி வைத்தார். வாங்குவதைப் பற்றி இவர்கள் பேச்செடுத்தபோது மட்டும் கொஞ்சம் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். வெறும் நிலத்துக்கு ஒரு விலை, வீட்டோடு இருக்கும் நிலத்துக்கு வேறு விலை, அது உங்களுக்கே தெரியுமே என்றார். வீடு எங்களால் வந்தது என்றார் வாத்தியார். நீங்க கட்டினதை நான் பாக்கல, நான் கட்டினதை நீங்க பாக்கல, மண்ணு மட்டும் என்னோடது, அதை எல்லாரும் பாத்திருக்காங்க என்றார் அவர். ஒவ்வொரு வசதிக்கும் ஒத்துக்கொண்டு ஒத்துக்கொண்டு, நிலத்தைத் தங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் அவர்களே தூக்கி வைத்திருந்தார்கள். இருப்பதை எல்லாம் விற்றால் எட்டியிருக்கும் என்பதும் உண்மை. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மேஜைமேல் ஐந்து சாவிதான் விழுந்தது. வராத ஆறாவது சாவி தடவைக்குத் தடவை வேறு. ஒரு தடவை ஆஸ்பத்திரி தூரம் என்று சின்னவள். ஒரு தடவை நமக்குப் பிறகு இது யாருக்கு என்று ஜெராக்ஸ் அம்மா. மண்ணின் சரிவு பிடிக்கவில்லை என்று ஒரு தடவை வாத்தியார். ஒரு தடவை பெரியவளே. கண்ணாடிக் கடையை விற்க வேண்டிவரும் என்று தெரிந்த அன்றைக்கு அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கடை இல்லாட்டி இந்த மனுஷன் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு, நான் சாவறதுக்கு முன்னாடி அவர் செத்துடுவாரு என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. வழக்கத்தை ஒரு தரம் மீறிவிடலாமே என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. ஒருவரை மீறி வாங்கிய வீட்டில் ஆறு பேர் எப்படி இருப்பது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்தார்கள்.

பெரியவளுக்கு என்று ஒரு அறையும் வந்துவிட்டிருந்தது. மேற்குப் பக்கம், கட்டில் போடும் அகலம், தரையில் ஈரம் ஏறாத கல். நான்கு பக்கமும் சுவர். ஜன்னல் வேண்டும் என்றாள் பெரியவள். பஸ் திரும்பும் இடத்தைப் பார்த்து, படுத்திருந்தால் தெரிகிற உயரத்தில். மூச்சு வாங்குகிறவர்களுக்கு மிகப் பெரிய வேலை எழுந்து போய் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. நகரத்து வீட்டில் யாராவது கதவைத் தட்டினால், அவள் கட்டிலிலிருந்து எழுந்து, நாற்காலியைப் பிடித்து, சுவரைப் பிடித்துப் போய்த் திறப்பதற்குள் வந்தவர் திரும்பிப் போயிருப்பார். காலிப் படிக்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதில் பாதி நாள் அவளுக்குப் போய்விடும். வர்றது யாருன்னு படுத்த இடத்திலிருந்தே தெரிஞ்சா போதும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் என்றாள். அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கைகளை விரித்துக் காட்டினாள். கண்ணாடிக் கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த அளவுக்கு ஒரு கண்ணாடி வெட்டிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். யார் கேட்டும் விற்கவில்லை.

ஐந்து சாவி விழுந்தது. சின்னவள் வைக்கவில்லை. மறுவாரமும் வைக்கவில்லை. அக்காவுக்கு இந்த மாதம் எந்த மாத்திரை, அது கேட்காவிட்டால் அடுத்தது எது, அதற்கும் அடுத்தது எது, அதற்கப்புறம் அலமாரியில் ஒன்றும் இல்லை என்பது அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒருநாள் ஜெராக்ஸ் அம்மாவின் பின்னறையில் அக்கா தங்கை இருவரும் மட்டும் மிஞ்சியபோது பெரியவள் கேட்டாள்.

"உன் சாவிய வைடி."

"மாட்டேன்."

"ஒரு ஜன்னல்தானே கேட்டேன். அரண்மனையா கேட்டேன்?"

"ஜன்னல் படுத்துக்கிட்டே இருக்கறவங்களுக்குத்தான்க்கா. நடக்கறவங்களுக்கு வாசல் போதும்."

பெரியவள் மூச்சைச் சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நீ மருந்துக் கடைல இருக்க. கணக்கு உனக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் மாட்டேங்கறேன்."

"சரி, உன் இஷ்டம். என் சாவி இங்கயே இருக்கட்டும். எடுக்க மாட்டேன். நீ என்னைக்கு வைக்கறியோ அன்னைக்கு எடுத்துக்கறேன்."

அப்படியே விட்டுவிட்டு, தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அன்றிலிருந்து அந்தச் சாவி மேஜையில் கிடந்தது. ஜெராக்ஸ் அம்மா அதைச் சுற்றிக் காகிதக் கட்டுகளை அடுக்கினார், துடைக்கும்போது அந்த இடத்தை விட்டுத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைத் தவிர, பெரியவள் வீட்டை விட்டு வெளியே போவது நின்றுபோயிருந்ததால் அவளுக்கும் சாவி தேவைப்படவில்லை.

அந்த வருஷம் நிலம் விற்றுப்போனது. ஆடு வளர்ப்பவருக்கு ஏதோ அவசரம், பழ வியாபாரி ஒருவர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டார். இவர்களுக்குச் சொல்லியனுப்ப அவர் முயற்சி செய்தாராம், யாரிடம் சொன்னால் எல்லோரிடமும் சொன்னதாகும் என்று தெரியவில்லையாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் பஸ்ஸை விட்டு இறங்கினால் கொடியில் துணி காய்ந்தது. சின்னச் சின்னச் சட்டைகள், ஒரு போர்வை. பிரேக் முதல் தடவையாகப் பஸ் திரும்புவதைப் பார்க்கவில்லை. பழ வியாபாரியின் மனைவி வெளியே வந்து, வழி தெரியாமல் வந்தவர்கள் என்று நினைத்து, உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் ஒத்துக்கொண்ட அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள், ஆறு பேரும் இதற்கு முன் பார்க்காதவர்களைப் போலப் பார்த்தார்கள். அலமாரியின் குட்டைக் காலுக்கு அடியில் ஒரு உடைந்த ஓட்டுத் துண்டு வைத்திருந்தார்கள். ஜெராக்ஸ் அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேற்கு அறை இருட்டாக இருக்கிறது, அதனால் காலிக் கூடைகளைப் போட்டிருக்கிறோம் என்றார் வியாபாரி. கொஞ்ச நேரம் இங்கே உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள் பெரியவள். ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டார்கள். அந்த இருட்டுக்குள் அவள் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, வெளியே நின்ற ஐந்து பேரும் இருமல் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டு நின்றார்கள். வரவில்லை. கடைசி பஸ் வந்தது.

மழை பிடித்துக்கொண்ட பிறகு பெரியவள் இறந்துபோனாள். கடைசி வாரத்தில் வந்த பஞ்சு சுத்தமான பஞ்சு, தூசியே இல்லை. கண்ணாடிக் கடைக்காரர் அதையும் டப்பாவில் வைத்தார், ஆனால் எடுத்துத் துடைக்கவில்லை. கடையைத் திறந்தார், சாத்தினார். முகம் பார்க்கும் கண்ணாடி வெட்ட வருகிறவர்களைப் பக்கத்துத் தெருக் கடைக்கு அனுப்பினார். வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் அவரும் மெதுவாகத்தான் எழுந்து போனார், போவதற்குள் வந்தவர் போயிருப்பார். சின்னவள் தினமும் நடுமாடியைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும், ஆனால் நிற்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை. இருவருக்கும் இடையில் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் எங்கும் போகவில்லை. ஆறில் ஒன்று குறைந்துவிட்டதால் இனி எல்லோரும் என்றால் எத்தனை பேர் என்று வாத்தியாருக்கே தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவாமலே கிடந்தது.

வெயில் ஏற ஆரம்பித்த நாட்களில் ஒரு மத்தியானம், கடைக்காக எதையோ பிரதி எடுக்கச் சின்னவள் ஜெராக்ஸ் அம்மாவிடம் வந்தாள். இயந்திரம் சூடாகட்டும், உட்கார் என்றார் அவர். பின்னறையில் உட்கார்ந்தாள். எதிரே அக்காவின் சாவி. அதைத் தொடவில்லை. தன் சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். எடுத்த பிரதியோடு உள்ளே வந்த ஜெராக்ஸ் அம்மா இரண்டு சாவியையும் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இப்பதான் யாரும் படுத்திருக்கலையே," என்றாள் சின்னவள். "ஜன்னல் இருந்துட்டுப் போகட்டும்."

ஜெராக்ஸ் அம்மா இடுப்பிலிருந்து தன் சாவியை அவிழ்த்து வைத்தார். பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். பிரேக் தன் சாவியைத் தொலைத்துவிட்டு ஒரு மாதமாகப் பூட்டாமலே தூங்குகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது, கட்டிலுக்கு அடியில் தேடி எடுத்துவந்தார். வாத்தியார் மேலேயிருந்து இறங்கி வந்து தன்னுடையதை வைத்தார். கடைசியாகக் கண்ணாடிக் கடைக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வந்து மேஜையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார், சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சாவி வைத்தபோது மற்றவற்றின் மேல் பட்டுச் சின்னதாகச் சத்தம் வந்தது. வீடு இப்போது வேறு ஒருவருடையது, பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடைக்காரர் கதவுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அதே பஸ்ஸில் பின் இருக்கையில் சின்னவள் இருந்தாள். இறங்கியதும் அவள் திடலிலேயே நின்றுவிட்டாள், அவர் மட்டும் நடந்தார். மேற்குச் சுவரில் ஜன்னல் இருந்தது, மரச்சட்டத்தோடு. கண்ணாடி இல்லை. கண்ணாடியைப் பற்றி மேஜையில் யாரும் பேசியதே இல்லை. பழ வியாபாரி வாசலில் கூடைக்கு நார் கட்டிக்கொண்டிருந்தார். ராத்திரி சுவரா இருந்துச்சு, விடியக்காலையில மூஞ்சில காத்து அடிக்குதேன்னு பாத்தா இது, என்றார், வீட்டில் பூனை குட்டி போட்டதைச் சொல்வது போல. அந்தக் கூடைகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டதாகவும், வெளிச்சமாக இருக்கிற அறையை வீணாக்குவானேன் என்று கட்டிலைப் போட்டுவிட்டதாகவும் சொன்னார். இவர் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, யார் அனுப்பியது என்று கேட்கவில்லை.

சட்டத்தில் கண்ணாடியை வைத்தார். சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி இருந்தது, எந்தக் கண்ணாடிக்கும் வேண்டிய இடைவெளி அது. கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டும் மக்கை உருட்டி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்திக்கொண்டு வந்தார். பிறகு பையிலிருந்து டப்பாவை எடுத்து, அந்தக் கடைசிப் பஞ்சால் இரண்டு பக்கமும் துடைத்தார். உள்பக்கம் துடைக்கும்போது கட்டிலின் விளிம்பில் உட்கார வேண்டியிருந்தது. அங்கிருந்து சாலை முழுக்கத் தெரிந்தது, பஸ் திரும்பும் வட்டமும், வட்டத்தின் ஓரத்தில் வெயிலில் நிற்கிற ஒருத்தியும். வியாபாரியின் மனைவி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பச்சைப் புடவைல ஒருத்தங்க நிக்கறாங்க. உங்களோட வந்தவங்களா?"

"என் மைத்துனி."

"வெயில்ல நிக்க வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் கூப்பிடும் முன்னே அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள், மெதுவாக, நடுவில் இரண்டு தரம் நின்று. அவள் வாசலுக்கு வருவதற்குள் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வைத்தாயிற்று, கதவும் திறந்தாயிற்று. இப்போதும் அந்த வீடு பழ வியாபாரியுடையதுதான். நகரத்துக் கட்டடத்திலிருந்து யாராவது எப்போதாவது போய் வருகிறார்கள். மேற்கு அறைக் கட்டிலில் யாராவது ஒருவர் படுத்திருப்பார், வருவது யார் என்று உள்ளே குரல் கொடுப்பார். அந்த வீட்டுக் கதவை அதற்குப் பிறகு யாரும் தட்டியதில்லை.